டோப்பாஸ்: கப்பலுக்குப் போன தாத்தாவும் எழுதப்படாத கடற்படை வரலாறும்



நினைவுச் சொற்பொழிவுக்காகக் கூடியிருக்கிறோம். ஆகவே நினைவு என்பதையே பேசுபொருளாக எடுத்துக்கொள்கிறேன். யாரை நினைக்கிறோம்? அவர் பெயரைச் சொல்லும்போது அவர் செய்த எந்த வேலையைச் சொல்கிறோம், எதை விழுங்கிவிடுகிறோம்? இதைப் பொதுவாகப் பேசினால் வெறும் தத்துவமாகப் போய்விடும். அதனால் கணியம்பாடிப் பக்கத்துச் சேரி ஒன்றிலிருந்து இரண்டாம் உலகப்போரின்போது கடற்படைக்குப் போன ஒருவரை வைத்துப் பேசுகிறேன். அவர் என் அப்பாவின் அப்பா.

வேலூர் லாங் பஜாரில் மணிக்கூண்டு இருக்கிறது. காய்கறி வாங்கப் போகிற எல்லோரும் அதைத் தாண்டித்தான் போகிறோம். அதில் பதித்திருக்கும் கல் வேலூரிலிருந்து முதல் உலகப்போருக்கு 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று சொல்கிறது. எண்ணிக்கை இருக்கிறது, பெயர் இல்லை. எந்தத் தெரு, எந்தச் சாதி, என்ன வேலைக்குப் போனார்கள் என்ற விவரம் இல்லை. அதே வேலூரிலிருந்து திருவண்ணாமலை சாலையில் தெற்கே வந்தால் கணியம்பாடி. ஒரு பக்கம் நாகநதி, தள்ளி அமிர்தி காடு, அதற்கு மேல் ஜவ்வாது மலை. இந்த ஒன்றியத்தில்தான் கம்மவான்பேட்டை இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போனதால் ராணுவப்பேட்டை என்றே அதைச் சொல்கிறார்கள். பட்டாளம் எங்கள் பகுதிக்குப் புதிதல்ல. பட்டாளத்தில் நம்மவர்கள் எந்த இடத்தில் நின்றார்கள் என்பதை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

திறந்த கதவும் மூடிய கதவும்

கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் பறையர்கள் சிப்பாய்களாக இருந்தார்கள். 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சியைப் பாடப்புத்தகத்தில் படிக்கும் மாணவர்கள், அந்தக் கோட்டைக்குள் இருந்த மதராஸ் படையில் நம் முன்னோரும் சேர்ந்திருந்தார்கள் என்பதையும் கூடவே படிக்க வேண்டும். மேற்கே மகர்கள் பம்பாய்ப் படையில் இருந்தார்கள். அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார், ராணுவப் பள்ளியின் தலைமை ஆசிரியர். அண்ணல் 1891இல் பிறந்த மாவ் ஒரு ராணுவ முகாம். சிப்பாயின் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்ற படையின் விதிதான் அந்தக் குடும்பத்துக்குள் எழுத்தைக் கொண்டுவந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்து வாசலில் நம் பிள்ளைகளை நிற்கவிடாத காலத்தில் முகாம் பள்ளிக்கூடம் கதவைத் திறந்தது.

அந்தக் கதவைப் பிறகு மூடினார்கள். 1880களில் மதராஸ் படைத் தளபதியாக இருந்து, இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாக உயர்ந்தவர் ராபர்ட்ஸ். தென்னிந்தியர்கள் போருக்கு லாயக்கற்றவர்கள், வடமேற்கு மக்களே வீர இனங்கள் என்பது அவருடைய கட்சி. அந்தக் கோட்பாடு படையின் சட்டமாகவே ஆனது. 1890களில் மகர்களை எடுப்பதை நிறுத்தினார்கள். முதல் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டதும் 1917இல் மகர் படைப்பிரிவைத் தொடங்கினார்கள். போர் முடிந்ததும் 1921இல் கலைத்தார்கள். மதராஸ் காலாட்படைப் பிரிவுகளை 1920களின் இறுதிக்குள் கலைத்தார்கள். நம்மவர்கள் நிறைய இருந்த பயனியர் படைகளுக்கு 1933இல் முடிவு கட்டினார்கள். மிச்சம் இருந்தது பெங்களூர் மதராஸ் சாப்பர்ஸ். அண்ணல் இதைப் பற்றிக் கடுமையாக எழுதினார். பிளாசியிலும் கோரேகானிலும் வெள்ளையருக்காகச் சண்டையிட்டவர்கள் தீண்டப்படாதோர், அவர்கள் தோளில் ஏறித்தான் இந்த நாட்டைப் பிடித்தீர்கள், பிடித்த பிறகு அவர்களையே வெளியே தள்ளினீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் பழைய கதைதான். 1941இல் மகர் ரெஜிமென்ட், 1943இல் சமார் ரெஜிமென்ட். மதராஸ் ரெஜிமென்ட்டுக்கும் திரும்ப உயிர் கொடுத்தார்கள். சமார் ரெஜிமென்ட்டை 1946இல் கலைத்துவிட்டார்கள். தேவை இருந்தால் வீரர், தேவை தீர்ந்தால் தீண்டத்தகாதவர். இதை ஒரு சூத்திரமாகவே மனதில் வைத்துக்கொள்ளலாம்.

கடல்

கடற்படையின் கதை கொஞ்சம் வேறு. ராயல் இந்தியன் நேவி என்ற பெயர் 1934 அக்டோபர் 2இல்தான் வந்தது. 1939இல் போர் தொடங்கியபோது அதில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. அதுவரை கொங்கணக் கரையின் ரத்னகிரி முஸ்லிம்களையும் பஞ்சாப் முஸ்லிம்களையும்தான் பெரும்பாலும் எடுத்துவந்தார்கள். போர் முடியும்போது ஏறக்குறைய 30,000 பேர். இவ்வளவு பேரைச் சேர்க்க வேண்டும் என்றால் எல்லா மாகாணத்திலும் எல்லா மதத்திலும் வலை வீசியாக வேண்டும். அந்த வலை மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது.

கடல் தாண்டினால் தீட்டு என்ற சாத்திரம் நம்மைக் கட்டியதில்லை. 1860இல் மதராஸிலிருந்து நேட்டாலுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பலிலிருந்து தொடங்கி, பர்மா, இலங்கை, மலேயா என்று நம்மவர்கள் கடலைக் கடந்துகொண்டேதான் இருந்தார்கள். ரங்கூனில் கப்பல் தொழிலில் பொருள் ஈட்டி, இங்கே பள்ளிக்கும் புலவர்களுக்கும் வாரிக் கொடுத்த மதுரைப் பிள்ளை நம்மவர். வட ஆற்காட்டுச் சேரிகளில் பாதி வீடு கோலார் தங்கவயலில் இருந்தது. படியாளாகக் கிடப்பதா, எங்காவது போய்ப் பிழைப்பதா என்ற கேள்விக்கு எங்கள் பகுதி ரயில் ஏறித்தான் பதில் சொன்னது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையே காலியானது. அப்படிப்பட்ட காலத்தில் மாதச் சம்பளமும் மூன்று வேளைச் சோறும் தருகிறோம் என்றால் படியாள் வீட்டுப் பிள்ளை எப்படிப் போகாமல் இருப்பான்?

தாத்தா போனது 1943இல். மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு படித்தவர், பண்ணையில் படியாள். நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் ஆயா சொன்னது, அப்பா சொல்லாதது, டிரங்குப் பெட்டியில் இருந்த டிஸ்சார்ஜ் காகிதம் சொன்னது. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஆய்வு செய்யும் மாணவர்கள் இதைக் கவனியுங்கள். ஒத்துப்போகாத இடத்தில்தான் வரலாறு இருக்கிறது.

ஆயாவுக்கு ஆண்டுக் கணக்கு தெரியாது. "பம்பாயில கப்பல் வெடிச்சு ஊரே தீப்புடிச்சிச்சே, அதுக்கு முந்தின வருசம் போனாரு" என்பாள். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிக்கைன் என்ற கப்பல் வெடித்தது. பஞ்சு மூட்டையும் வெடிமருந்தும் ஒரே கப்பலில் ஏற்றியிருந்தார்கள். காகிதத்தில் இருந்த தேதியும் ஆயாவின் கணக்கும் அங்கே சரியாகப் பொருந்தின. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சொல்கிற காலக்கணக்கை அலட்சியம் செய்யாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனா சொன்னது ஒரே வரி: "உங்க தாத்தா நேவியில இருந்தாரு." அதற்கு மேல் கேட்டால் எழுந்து போய்விடுவார். ஆண்டு நினைவு நாளுக்கு அடிக்கிற பேனரிலும் 'கடற்படை வீரர்' என்றுதான் இருக்கும். காகிதத்தில் வேலை என்ற இடத்தில் டோப்பாஸ் என்று இருந்தது.

ஒரு சொல்லின் இறக்கம்

டோப்பாஸ் யார்? கப்பலில் கக்கூஸ் கழுவுகிறவர், தளம் கூட்டுகிறவர், கழிவைக் கடலில் கொட்டுகிறவர். ராயல் இந்தியன் நேவியில் அது தனிப் பிரிவு, தனிப் பதவிப் பெயர். துப்புரவுச் சாதி என்று அரசு யாரை நினைத்ததோ அவர்களை அந்த வேலைக்கு எடுத்தார்கள். பீரங்கிக்கு ஆள் எடுக்கும்போது பயிற்சி பார்த்தார்கள், வயர்லெஸ்ஸுக்கு ஆள் எடுக்கும்போது ஆங்கிலம் பார்த்தார்கள், இதற்குப் பிறப்பைப் பார்த்தார்கள்.

அந்தச் சொல்லின் வரலாறு விசித்திரமானது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் டோப்பாஸ் என்றால் படைவீரன். போர்ச்சுக்கீசியர் காலத்துக் கலப்பினக் கிறிஸ்தவச் சிப்பாய்களை அப்படி அழைத்தார்கள். தொப்பி போட்டதால் வந்த பெயர் என்பவர்கள் உண்டு, துபாஷி என்பதிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு. எப்படி வந்திருந்தாலும் துப்பாக்கி ஏந்தியவனின் பெயர் இரண்டு நூற்றாண்டில் வாளி தூக்குகிறவனின் பெயராக இறங்கிவிட்டது. அந்த இறக்கம் மொழியில் தானாக நடந்தது என்று நான் நம்பவில்லை. படையின் உள்ளே சாதி அடுக்கு இறுக இறுகச் சொல்லும் கீழே போனது. எங்கள் சேரியில் பறை அடித்தவனின் பெயருக்கு நடந்ததும் இதுதானே?

இரும்புக் கப்பலில் ஊர் எது, சேரி எது என்று கேட்கலாம். கப்பலில் தெரு இல்லை, எல்லோரும் ஒரே கம்பித் தொட்டிலில்தான் படுக்கிறார்கள், டார்பிடோ வந்தால் எல்லோரும் ஒன்றாகத்தான் மூழ்குகிறார்கள். 1942 ஏப்ரலில் அக்யாப் அருகே ஜப்பானிய விமானங்கள் இண்டஸ் என்ற இந்தியக் கப்பலை மூழ்கடித்தன. அந்தக் குண்டுகள் சாதி பார்த்து விழவில்லை. 1942 நவம்பர் 11 அன்று பெங்கால் என்ற சிறிய இந்தியக் கப்பல், தன்னைவிடப் பல மடங்கு பெரிய இரண்டு ஜப்பானியப் போர்க்கப்பல்களை எதிர்த்து நின்றது. அதில் ஒன்று, ஹோகோகு மாரு, வெடித்து மூழ்கியது. கடற்படை இன்றும் பெருமையோடு சொல்லும் சண்டை அது. போர்க்கப்பலில் பீரங்கிக்காரர் சுடும்போது குண்டு எடுத்துக் கொடுக்கவும், தீ அணைக்கவும், காயம்பட்டவரைத் தூக்கவும் மற்ற வேலைக்காரர்களும் நிற்பார்கள். அந்த நேரத்துக்கு எல்லோரும் வீரர். சண்டை ஓய்ந்தால் அவரவர் அவரவர் பழைய வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். ராணுவம் நமக்குக் கதவைத் திறந்து மூடிய சூத்திரம் ஒரே கப்பலுக்குள், ஒரே நாளுக்குள் நடந்த விதம் இது.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சேரியில் இந்த வேலைக்குக் கூலி சோற்று உருண்டை. கப்பலில் சம்பளம் கையில் வந்தது, சீருடை வந்தது, எண் வந்தது, வைத்தியம் வந்தது. 'ஏய்' என்பதற்குப் பதிலாகப் பெயர் சொல்லி வருகை எடுத்தார்கள். தாத்தா மணியார்டர் அனுப்பினார். தபால்காரர் சேரிக்குள் வந்து ஆயாவின் பெயரைக் கூப்பிட்டதுதான் அவள் வாழ்நாளில் ஒரு அரசு ஊழியர் அவள் பெயரைச் சொன்ன முதல் தடவை என்பாள். ஆகவே போனவர்களை ஏமாந்தவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கிடைத்த இரண்டு அடிமைத்தனத்தில் சம்பளமும் விடுமுறையும் உள்ள ஒன்றைத் தெரிந்து தேர்ந்தார்கள்.

1946

போர் முடிந்தது. 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் தல்வார் என்ற சிக்னல் பயிற்சித் தளத்தில் மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கெட்ட சோறு, வெள்ளையருக்கு ஒரு சம்பளம் இந்தியருக்கு ஒரு சம்பளம், வேலையை விட்டு அனுப்புவதில் தாமதம், இவை உடனடிக் காரணங்கள். தளத்தின் தலைமை அதிகாரி மாலுமிகளைக் கூலிக்குப் பிறந்தவர்கள், காட்டுமிராண்டிக்குப் பிறந்தவர்கள் என்ற பொருளில் திட்டியது நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. 78 கப்பல்கள், 20 கரைத்தளங்கள், 20,000 மாலுமிகள் என்று அந்தப் போராட்டம் பரவியது. சென்னையில் அடையாறு தளத்திலும் நடந்தது. இந்திய தேசிய ராணுவக் கைதிகளை விடுதலை செய், இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் படையைத் திரும்பப் பெறு என்ற கோரிக்கைகளும் சேர்ந்தன. வேலைநிறுத்தக் குழுவின் தலைவர் எம்.எஸ். கான், துணைத் தலைவர் மதன் சிங். காங்கிரஸ், லீக் தலைவர்கள் சரணடையச் சொன்னார்கள். பிப்ரவரி 23இல் சரணடைந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். விடுதலைக்குப் பிறகு வந்த அரசும் அவர்களைக் கடற்படையில் சேர்த்துக்கொள்ளவில்லை.

இந்த வரலாற்றைச் சமூகவியல் மாணவராகப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்கிறேன். கான் சிக்னல் பிரிவு, மதன் சிங் தந்திப் பிரிவு. தல்வாரில் ஏற்கெனவே முழக்கங்களை எழுதிக் கைதான பி.சி. தத் தந்திப் பிரிவு. பிறகு நூல் எழுதி இந்தக் கதையை நமக்குச் சொன்னவரும் அவர்தான். அந்தப் பிரிவுகளுக்கு ஆங்கிலப் படிப்பு வேண்டும். 1940களில் அந்தப் படிப்பு யாருக்குக் கிடைத்தது? செய்தியை ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு அனுப்பும் கருவி அவர்கள் கையில் இருந்தது. அதனால் போராட்டம் பரவியது, அவர்களால் வரலாறும் எழுதப்பட்டது. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் வேலையையும் எதிர்காலத்தையும் இழந்தவர்கள். ஆனால் 20,000 என்ற எண்ணுக்குள் அடுப்படியில் இருந்தவரும் கரி அள்ளியவரும் வாளி தூக்கியவரும் இருக்கிறார்கள். அவர்கள் வேலை செய்ய மறுத்தபோது எதை மறுத்தார்கள்? கூலிக்குப் பிறந்தவன் என்ற வசவு படித்த மாலுமிக்குப் பொறுக்க முடியாத அவமானம். உண்மையிலேயே கூலிக்குப் பிறந்தவருக்கு அது அன்றாடம் கேட்கிற விலாசம். ஒரே சொல் இரண்டு பேர் காதில் இரண்டு விதமாக விழுந்திருக்கும்.

தாத்தா அந்த நாட்களில் பம்பாயில் இருந்தார். வேலைநிறுத்தம் பற்றி அவர் ஆயாவிடம் சொன்னது ஒன்றுதான். அதை ஆயா சொன்ன விதத்திலேயே சொல்கிறேன்: "அஞ்சு நாளு என்னை வாளி எடுடான்னு ஒருத்தனும் கூப்புடலன்னாரு." ஏகாதிபத்தியம், சுதந்திரம் என்ற சொற்கள் அதில் இல்லை. எனக்கு இதைவிடத் தெளிவான விடுதலை விளக்கம் இதுவரை கிடைக்கவில்லை. அந்த ஐந்து நாளை யாராவது அவரிடம் கேட்டு எழுதியிருந்தால் 1946இன் வரலாற்றில் இன்னொரு கோரிக்கை சேர்ந்திருக்கும்.

திரும்பி வந்தார். போர்க்காலத்துக்கு மட்டும் எடுத்த ஆள் என்பதால் ஓய்வூதியம் கிடையாது. படைவீரருக்கான நிலம் கேட்டு மனுப் போட்டார். மலையடிவாரத்தில் பட்டா வந்தது, நிலத்துக்குள் கால் வைக்க முடியவில்லை, அனுபவத்தில் வேறொருவர் இருந்தார். நடந்து பார்த்தார், விட்டுவிட்டார். ஆனால் ஊரில் சாக்கடை அள்ளக் கூப்பிட்டபோது போகவில்லை. சாகும்வரை போகவில்லை. ஏரி வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போனார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். என் நைனா ஆசிரியரானார்.

எந்தப் பெயரைச் சொல்வது?

இப்போது பேனருக்கு வருகிறேன். நம் குடும்பங்களில் இது பெரிய சிக்கல். டோப்பாஸ் என்று போட்டால் எந்தச் சாதிப் பழிக்குத் தப்பிக்க அவர் ஊரை விட்டுப் போனாரோ அதையே நாம் அவர் படத்தின் கீழே எழுதுகிறோம் என்பது நைனாவின் பக்கம். அந்தப் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. பொண்ணு பார்க்க வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள் என்று யோசித்த தலைமுறை அது. அதை நான் கோழைத்தனம் என்று சொல்லத் தயாரில்லை.

என் பக்கம் வேறு. கடற்படை வீரர் என்று மட்டும் போட்டால், கடற்படை தன்னுடைய சேரியை மறைக்க நாமே திரை பிடித்துக் கொடுக்கிறோம். டோப்பாஸ் என்று மட்டும் போட்டால், அந்த வேலையைத் தாண்டி அவர் போருக்குப் போன மனிதர் என்பது அழிந்துபோகிறது. இரண்டையும் போட வேண்டும். அவர் கடற்படை வீரர், அவரை டோப்பாஸாக வைத்தது கடற்படை. முதல் பாதி நம் பெருமை. இரண்டாம் பாதி வெட்கப்பட வேண்டியது யார் என்பதைச் சொல்கிறது. வேலையைச் செய்தவருக்கு அதில் வெட்கம் இல்லை.

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். மலம் அள்ளும் வேலைக்கு மனிதரை வைப்பதைத் தடுக்கும் சட்டம் 1993இல் வந்தது, 2013இல் வலுவான சட்டம் வந்தது. அதன் பிறகும் கழிவுநீர்த் தொட்டிக்குள் யார் சாகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கடற்படையில் இன்று ஆள்சேர்ப்பு எல்லோருக்கும் பொது. ஆனாலும் சமையலர், பரிமாறுபவர், சுகாதாரப் பணியாளர் என்று தனி நுழைவு இருக்கிறது. பெயர் மாறியிருக்கிறது. அந்தக் கடைசிப் பிரிவில் யார் சேர்கிறார்கள், அங்கிருந்து மேலே போக வழி உண்டா என்று கேட்கிற உரிமை டோப்பாஸ்களின் பேரப்பிள்ளைகளுக்கு உண்டு.

மாணவர்களுக்குச் சில வேலைகள் சொல்லி முடிக்கிறேன். உங்கள் சேரியிலிருந்து பட்டாளத்துக்கும் கப்பலுக்கும் போனவர்களின் பட்டியலை எடுங்கள். பெயர், தந்தை பெயர், போன ஆண்டு, திரும்பிய ஆண்டு, செய்த வேலை. வேலையை விடாதீர்கள். டிரங்குப் பெட்டிகளில் இருக்கும் டிஸ்சார்ஜ் காகிதங்களைப் படம் எடுத்து வையுங்கள், கரையான் காத்திருக்காது. மாலுமிகளின் பணிப் பதிவுகளைப் பேணும் அலுவலகம் மும்பை மான்கூர்டில் இருக்கிறது, எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். கடலில் இறந்து கல்லறை இல்லாமல் போன இந்தியக் கடற்படையினர், வணிகக் கப்பல் மாலுமிகள் 6,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் கொண்ட நினைவுப் புத்தகம் மும்பை இந்திய மாலுமிகள் இல்லத்தில் இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்திலும் தேடலாம். நம் ஊர்ப் பெயர்களைத் தேடுங்கள்.

இரண்டாம் உலகப்போரில் பணியாற்றி ஓய்வூதியம் இல்லாமல் இருந்த படைவீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழக அரசு மாத உதவித்தொகை தருகிறது. எங்காவது ஒரு சேரியில் இன்னும் ஒரு ஆயா உயிரோடு இருக்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவரை அழைத்துப் போங்கள். போகும் வழியில் பேச்சுக் கொடுங்கள், போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். முதலில் சோறு பற்றிக் கேளுங்கள், மணியார்டர் பற்றிக் கேளுங்கள். போரைப் பற்றி அவர்களே பிறகு சொல்வார்கள்.

பட்டியல்கள் வரட்டும். அடுத்த ஆண்டு இதே அரங்கில் அவற்றைப் பெயரும் வேலையுமாகச் சேர்த்து அச்சிட்டு வெளியிடலாம் என்று அமைப்புத் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.